நாட்டின் நோய்த்தடுப்புத் திட்டமும் நம் அடக்கப் பதிவேடும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

கொரோனாவைப் பற்றி இனிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நம்மில் சிலர் எண்ணக்கூடும். உலகளாவிய சுகாதார அவசரநிலை முடிவுற்றதாக 2023 மே 5-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. தெருக்களை அடைத்திருந்த தகரத் தடுப்புகள் அகன்றன. இடைவெளி விட்டு நின்ற ஸஃப்புகளில் மீண்டும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் நோய் போன பின்னரும் அது விட்டுச்சென்ற காகிதச் சிக்கல்கள் போய்விடவில்லை. இறந்தவருக்கு என்ன நோய் என்பது எந்தத் தாளிலும் எழுதப்படாமல் போனதால் உரிய உதவியைப் பெற இயலாத குடும்பங்கள் இந்நாட்டில் ஏராளம். அவற்றை மனத்தில் வைத்தே இன்று பேச விழைகிறோம்.

பெருந்தொற்றைக் கட்டுப்படுத்தவும் அதிலிருந்து மீளவும் ஒரு நாடு வகுக்கும் திட்டத்தில், நம்மைப் போன்ற ஒரு மஹல்லா ஜமாஅத்துக்கு உரிய இடம் எது என்பதே நம் பேச்சின் பொருள். திட்டம் தலைநகரில் எழுதப்படுகிறது. ஆனால் அது எண்ணிக்கையை நம்பியே நடக்கிறது. எத்தனை பேர் நோயுற்றனர், எந்தத் தெருவில், எத்தனை பேர் மாண்டனர் என்ற கணக்கு பிழைபட்டால் படுக்கையும் ஆக்சிஜனும் தடுப்பூசியும் வேண்டாத இடத்திற்குப் போய்ச் சேரும். அக்கணக்கின் முதல் வரி எழுதப்படும் இடங்கள் நம் வீட்டு வாசலும் நம் கபரஸ்தானும்தான்.

நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். இந்தியாவின் முதல் நோயாளி 2020 ஜனவரி 30-ஆம் நாள் கேரளத்தில் கண்டறியப்பட்டார். தமிழகத்தில் மார்ச் 7. மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றினார். நான்கு மணி நேரத்தில் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் அதற்கு அடிப்படை ஆயிற்று. அத்துடன் 1897-இல் பிளேக் நோயின்போது ஆங்கிலேயர் இயற்றிய கொள்ளைநோய்ச் சட்டமும், நம் மாநிலத்தில் 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் தூசு தட்டி எடுக்கப்பட்டன. பரிசோதனை, தொடர்பில் இருந்தோரைத் தேடுதல், தனிமைப்படுத்தல், சிகிச்சை என்பது முதற்கட்டம். தடுப்பூசி அடுத்தது. நிவாரணமும் மீட்சியும் இறுதியில்.

நம் மேற்குப் புறநகர் இத்திட்டத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் கண்ணெதிரே கண்டது. வெளிநாடுகளிலிருந்து வந்திறங்கியோர் பூந்தமல்லியில் உள்ள பொதுச் சுகாதார நிறுவனத்தில் தனிமைப்படுத்தப்பட்டனர். ஆவடியில் படைவீரர்களுக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் மருத்துவப் பணியாளர்களுக்கான முழுக்கவச உடைகள் தைக்கப்பட்டன. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திரங்கள் நின்றன. அங்கு உழைத்த வடமாநிலத் தொழிலாளர் ஊர் திரும்ப வழியின்றித் தவித்தனர். இவர்களுக்கான சிறப்பு ரயில்கள் நாட்டில் ஓடத் தொடங்கியது மே 1-ஆம் நாள்தான். ஊரடங்கு பிறந்து ஐந்து வாரங்களுக்குப் பின்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அம்பத்தூர் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆயிற்று. பூந்தமல்லியோ நகராட்சி. பின்னிரண்டும் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளவை. ஒரே பேருந்தில் பயணம் செய்து, ஒரே பட்டறையில் வேலை பார்த்து, ஒரே மண்டபத்தில் நிக்காஹ் விருந்து உண்ணும் மக்களின் நோய்க்கணக்கு இரண்டு மாவட்டப் பட்டியல்களில் பிரிந்து கிடந்தது. நோய்க்கு எல்லைக்கல் தெரியாது. 2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என நான்கு மாவட்டப் பகுதிகளையும் ஒருசேர முடக்கியபோதுதான் நிர்வாகம் இந்நிலப்பரப்பை ஒரே ஊராகக் கண்டது என்பது நம் கருத்து.

இனி, எண்ணிக்கை ஏன் பிழைபடுகிறது என்பதைப் பார்ப்போம். உயிரோடிருப்பவர் கணக்கில் வராமற் போவதற்கு முதற்காரணம் அச்சம். இதை நம் சமுதாயம் அளவுக்கு அறிந்தவர் வேறெவரும் இலர். 2020 மார்ச்சில் தில்லி நிஜாமுத்தீனில் நடந்த தப்லீக் கூட்டத்திற்குத் தமிழகத்திலிருந்து ஏறத்தாழ 1,500 பேர் சென்றிருந்தனர். அவர்களில் பலருக்குத் தொற்று இருந்தது மெய். அதை அரசு கண்டறிய வேண்டியதும் கடமையே. சுகாதாரத் துறை வேண்டுகோள் விடுத்தபோது பலர் தாமே முன்வந்து பரிசோதனைக்கு உட்பட்டனர். ஆனால் அன்றாடப் புள்ளிவிவரத்தில் அவர்களுக்கெனத் தனிக்கணக்கு வாசிக்கப்பட்டது. தொலைக்காட்சிகளும் கைப்பேசிகளும் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு ஒரு சமுதாயத்தையே நோயின் பெயரால் அழைத்தன. காய்கறி விற்ற முதியவரிடமும் பெயர் கேட்ட நாட்கள் அவை.

நோய்க்கு மதச்சாயம் பூச வேண்டாம் என முதலமைச்சர் கேட்டுக்கொண்டார். எந்தச் சமுதாயத்தையும் எந்தப் பகுதியையும் நோயோடு இணைத்துப் பழிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகமே ஏப்ரல் மாதத்தில் அறிவுரை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு தப்லீக் அன்பர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கருத இடமுள்ளது என்றது. இவை யாவும் நம் மனத்திற்கு ஆறுதல் அளித்தவை. ஆனால் இங்கே நாம் ஆறுதலைப் பற்றிப் பேசவில்லை. காய்ச்சல் வந்தால் வீட்டில் தகரம் அடிப்பார்கள், ஊர் தூற்றும் என்று அஞ்சுகிறவன் மருத்துவரிடம் போகமாட்டான். பாராசிட்டமால் விழுங்கிவிட்டுக் கடைக்குப் போவான். எனவே பழிச்சொல் என்பது பண்பாட்டுக் குறை மட்டுமாக நில்லாமல், நோய்த்தடுப்பின் அடித்தளத்தையே அரித்துவிடுகிறது.

இறந்தவர் விஷயத்திலும் அச்சமே ஆட்சி செய்தது. 2020 ஏப்ரல் நடுவில், நெல்லூரைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் சென்னையில் இந்நோயால் காலமானார். அவருடைய உடல் அம்பத்தூர் மயானத்திற்குக் கொண்டுவரப்பட்டது. அக்கம்பக்கத்தார் திரண்டு எதிர்த்தனர். உடல் திருப்பி அனுப்பப்பட்டு வேறிடத்தில் எரியூட்டப்பட்டது. நம் வாசலருகே நடந்தது இது. ஒரு வாரத்திற்குள், ஏப்ரல் 19 இரவு, நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் அவர்களின் உடலுக்குக் கீழ்ப்பாக்கத்தில் இடம் மறுக்கப்பட்டது. பின்னர் அண்ணா நகர் வேலங்காட்டு இடுகாட்டில் ஆம்புலன்ஸ் தாக்கப்பட்டது, ஊழியர்கள் காயமுற்றனர். அவருடைய சக மருத்துவரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூட நேர்ந்தது. அம்மாத இறுதியில் தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, இவ்வாறு தடுப்போருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை என அறிவித்தது.

கடல்கடந்து இலங்கையில் இதைவிடக் கொடிய நிலை. நோயால் இறந்த அனைவரையும் எரித்தே ஆக வேண்டும் என 2020 ஏப்ரலில் அரசிதழ் அறிவிப்பு வந்தது. அடக்கம் செய்வதால் நோய் பரவும் என்பதற்குச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறியும் அந்நாட்டு அரசு இணங்கவில்லை. பிறந்து இருபது நாளேயான பச்சிளங்குழந்தையின் உடலும் பெற்றோர் சம்மதமின்றி எரியூட்டப்பட்டது. 2021 பிப்ரவரி இறுதியில்தான் தடை நீங்கியது. அதன்பின் கிழக்கு மாகாணத்து ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் தந்தனர். 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை முறைப்படி மன்னிப்புக் கோரியது. மையத்தை எரித்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கும் வீட்டில், மூச்சுத்திணறும் தகப்பனாரை எந்தப் பிள்ளை துணிந்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வான்?

நம் நாட்டில் அத்தகைய தடை இல்லை. 2020 மார்ச்சிலேயே மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், உடலைத் தொடாமல் செய்யக்கூடிய சமயச் சடங்குகளுக்கு அனுமதி இருந்தது. குளிப்பாட்டவும் முத்தமிடவும் கட்டித்தழுவவும் தடை இருந்தது. கவச உடை அணிந்து, கயிற்றைப் பிடித்து, சாதி மதம் பாராமல் உடல்களை அடக்கியும் எரியூட்டியும் தந்த தமுமுக உள்ளிட்ட அமைப்புகளின் தொண்டர்களைத் தமிழகம் கண்டது. மார்ச் மாதத்தில் நம்மை வேறுவிதமாகப் பார்த்த கண்கள், அடுத்த ஆண்டு மே மாதத்தில் அந்த இளைஞர்களைத் தேடின. அச்சத்தைக் குறைத்ததில் அவசரச் சட்டத்தைவிட இவர்களுக்குப் பங்கு அதிகம் என்று சொன்னால் அது மிகையாகாது.

நோய்த்தடுப்புத் திட்டம் பிழைபடுவதற்கு இன்னொரு காரணம், மக்களை ஓரிடத்தில் கூடச் செய்யும் அறிவிப்புகள். இதற்குக் கோயம்பேடு சான்று. 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு முடக்கம் என்று சென்னைக்கு அறிவித்தபோது, முந்தைய நாள் ஊரே சந்தைக்குத் திரண்டது. நோயைத் தடுக்க வந்த ஆணையே நோய் பரவும் கூட்டத்தைக் கூட்டியது. மே 5-ஆம் நாள் சந்தை மூடப்பட்டது. அதற்குள் கூலித் தொழிலாளரும் லாரி ஓட்டுநரும் அரியலூர், கடலூர், விழுப்புரம் வரை தொற்றைக் கொண்டு சேர்த்துவிட்டனர். அடுத்த வாரம் காய்கறிச் சந்தை பூந்தமல்லிக்கு மேற்கே திருமழிசையின் வெட்டவெளிக்கு வந்தது. வெயிலிலும் மழைச்சேற்றிலும் நான்கு மாதங்களுக்கு மேல் அங்கேயே வியாபாரம் நடந்தது. செப்டம்பர் 28-இல்தான் கோயம்பேடு மீண்டும் திறந்தது. மறு ஆண்டு மே மாதம், இரண்டாம் அலையில், ரெம்டெசிவிர் ஊசிமருந்துக்குக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் நோயாளிகளின் உறவினர் இரவும் பகலும் வரிசையில் நின்றனர். கூட்டம் நேரு விளையாட்டரங்கிற்கு மாற்றப்பட்டது, அங்கும் அடங்கவில்லை. மருத்துவமனைகளுக்கே நேரடியாக மருந்து அனுப்ப அரசு முடிவு செய்த பிறகே அந்த வரிசை கலைந்தது.

இதற்கு நேர்மாறான நற்செயலொன்று நம் அனைவர்க்கும் தெரியும். 2020 ரமலானில் நோன்புக்கஞ்சிக்கு அரசு வழங்கும் 5,450 டன் அரிசி வழக்கம்போல் பள்ளிவாசல்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆனால் பள்ளியில் கஞ்சி காய்ச்சி மக்களைக் கூட்டாமல், அரிசியைச் சிறு பைகளாக்கி வீடுகளுக்குக் கொண்டு கொடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டது. தராவீஹும் இல்லை, பெருநாள் திடல் தொழுகையும் இல்லை. கொள்ளைநோய் பரவிய ஷாம் தேசத்திற்குள் நுழையாமல் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பிய வரலாற்றைப் பயானில் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்த முடிவை ஏற்பதற்கு மனம் கனத்தாலும் விளக்கம் தேவைப்படவில்லை.

தடுப்பூசியிலும் இதே பாடம். 2021 ஜனவரி 16-இல் தொடங்கிய பணி தொடக்கத்தில் தமிழகத்தில் மந்தமாகவே நடந்தது. ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் காலமானபோது வதந்தி காட்டுத்தீயாகப் பரவியது. ஊசிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் எடுத்துரைத்தும் ஐயம் தீரவில்லை. பிறகு கொடுமையான மே மாதம் வந்தது. மே 21 அன்று தமிழகத்தில் மட்டும் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அதன்பின் ஊசியைத் தேடி மக்கள் வந்தனர். அப்போது ஊசிக்குத் தட்டுப்பாடு! செப்டம்பர் 12-ஆம் நாள் முதல் மாபெரும் முகாமில், பள்ளிக்கூடம், அங்கன்வாடி எனத் தெருவுக்குத் தெரு மையம் அமைத்தபோது, இருபது லட்சம் பேர் என்ற இலக்கை மீறி 28 லட்சத்திற்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் போட்டுக்கொண்டனர். பக்கத்துத் தெருவில், தெரிந்த முகம் கூப்பிட்டால் மக்கள் வருகிறார்கள்.

இப்போது இறந்தோர் கணக்கிற்கு வருவோம். பெரியோர்களே, இதுவே நாம் இன்று வலியுறுத்த விரும்புவது.

2020 ஜூலை 22-ஆம் நாள், சென்னையில் விடுபட்டிருந்த 444 மரணங்களைத் தமிழக அரசு கொரோனாக் கணக்கில் சேர்த்தது. மருத்துவமனைக் குறிப்பும் மாநகராட்சி இறப்புப் பதிவும் ஒன்றோடொன்று பொருந்தாததால் குழு அமைத்து ஆராய்ந்து கண்டறியப்பட்டவை அவை. நாடு தழுவிய அளவில் வேறுபாடு பன்மடங்கு. 2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் பெருந்தொற்றின் விளைவாக இந்தியாவில் சுமார் 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கக்கூடும் என உலக சுகாதார நிறுவனம் 2022-இல் மதிப்பிட்டது. அரசின் கணக்கு ஐந்து லட்சத்திற்கும் குறைவு. அந்த மதிப்பீட்டு முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. எது சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. ஆனால் வீட்டில் நிகழும் மரணங்களை ஒழுங்காகப் பதிவு செய்திருந்தால் இத்தகைய வாதத்திற்கே இடம் குறைந்திருக்கும்.

இந்தப் பதிவு யாருடைய பொறுப்பு? 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, வீட்டில் ஒருவர் இறந்தால் குடும்பத் தலைவர் 21 நாட்களுக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். இது பலருக்குத் தெரியும். அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு, அடக்கத்தலத்தின் பொறுப்பாளரும் உரிமையாளரும் தம் கவனத்திற்கு வரும் இறப்பைப் பதிவாளருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. இது பலருக்குத் தெரியாது. அதாவது கபரஸ்தானை நிர்வகிக்கும் ஜமாஅத், சட்டத்தின் பார்வையில், நாட்டின் சுகாதாரக் கணக்கெடுப்பில் ஒரு கண்ணி. கபுர் தோண்ட இடம் காட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை.

கண்ணி அறுந்தால் என்ன நேரும் என்பதை மீட்சிக் கட்டம் காட்டியது. கொரோனாவால் இறந்தவரின் குடும்பத்திற்கு ஐம்பதாயிரம் ரூபாய் வழங்கும் ஏற்பாட்டை 2021 அக்டோபர் 4 அன்று உச்சநீதிமன்றம் ஏற்றது. சான்றிதழில் கொரோனா என்று எழுதப்படவில்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்றும் கூறியது. நோய் உறுதியாகி முப்பது நாட்களுக்குள் இறந்தவருக்குப் பரிசோதனைத் தாள் இருந்தால் போதும். ஆனால் அந்தத் தாள் வேண்டுமே! பழிக்கு அஞ்சிப் பரிசோதனை செய்யாதிருந்தவர், படுக்கை கிடைக்காமல் வீட்டிலேயே மூச்சடங்கியவர், இவர்களுடைய பிள்ளைகளிடம் எதுவும் இல்லை. பின்னர் 2022 மார்ச் 24-இல் நீதிமன்றம் காலக்கெடு வகுத்தது: மார்ச் 20-க்கு முந்தைய மரணங்களுக்கு அறுபது நாட்கள், பிந்தியவற்றிற்குத் தொண்ணூறு நாட்கள். தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு ஐந்து லட்சமும், ஒருவரை இழந்தோருக்கு மூன்று லட்சமும் தமிழக அரசு அறிவித்ததும் நினைவிருக்கும். அதற்கும் முதற்கேள்வி, மரணத்திற்கான சான்று எங்கே என்பதுதான். மார்ச் மாதத்தில் பரிசோதனைக்கு அஞ்சிய அச்சம், மறு ஆண்டு அக்டோபரில் ஒரு விதவையின் கையில் காகிதமின்மையாக வந்து நின்றது.

தொழில் மீட்சியிலும் தாளில் இல்லாதவன் விடுபட்டான். 2020 மே மாதம் சிறுதொழில்களுக்கு மூன்று லட்சம் கோடி ரூபாய்ப் பிணையில்லாக் கடன் அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டமே. ஆனால் ஏற்கெனவே வங்கியில் கடன் நிலுவை உள்ளவருக்கே, அந்த நிலுவையில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கிடைக்கும். அம்பத்தூரில் ஒற்றை லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர், வட்டிக்கு அஞ்சியோ ஆவணம் இன்றியோ வங்கிப்பக்கமே போகாதவர், அவருக்கு அதில் இடமில்லை. மனைவியின் நகைதான் அடகுக் கடைக்குப் போனது. பிள்ளைகள் கதையும் அறிவீர்கள். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. அலிஃப், பே மறந்ததுபோல் அ, ஆவும் மறந்த குழந்தைகளுக்கு ‘இல்லம் தேடிக் கல்வி’யின் மாலை வகுப்புகள் ஓரளவு கைகொடுத்தன.

ஆகவே பொதுக்குழுவின் முன் வைக்க விரும்பும் கோரிக்கை பெரிய செலவு பிடிப்பதன்று. நம் அடக்கப் பதிவேட்டில் பொதுவாகப் பெயர், தந்தை பெயர், தேதி, கபுர் இருக்கும் இடம் இவ்வளவே எழுதப்படும். இனி இறந்த இடம் வீடா மருத்துவமனையா, கடைசியாகப் பார்த்த மருத்துவர் யார், அவர் இறப்புக் காரணப் படிவம் தந்தாரா, பதிவாளரிடம் தெரிவித்த நாள் எது என்னும் நான்கு பத்திகளையும் சேர்க்க வேண்டும். ஜனாஸா முடிந்த வீட்டில் யாரும் அலுவலகத்திற்கு ஓடும் மனநிலையில் இருக்கமாட்டார்கள். ஆதலால் படிப்பறிவுள்ள இளைஞர் இருவரை நியமித்து, மூன்றாம் நாளைக்குள் அவர்களே போய் விவரம் பெற்று, அவ்வீடு அம்பத்தூர் மண்டலத்திற்கு உரியதா, ஆவடிக்கா, பூந்தமல்லிக்கா என்று பார்த்து உரிய பதிவாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும். 21 நாள் தாண்டினால் தாமதக் கட்டணம். முப்பது நாள் தாண்டினால் அதிகாரியின் எழுத்துமூல அனுமதி. ஓராண்டு கடந்தால் நடுவர் நிலை அதிகாரியின் ஆணை தேவை. ஒவ்வொரு படியிலும் ஏழைக்கே அலைச்சல் கூடும். தனித்து வாழும் முதியோர், நீரிழிவும் டயாலிசிஸும் உள்ளோர் ஆகியோரின் பெயர்ப் பட்டியலும் அந்த இளைஞர்களிடம் இருப்பது நன்று. அடுத்த நோய் வரும் நாளில் எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று தேட வேண்டியிருக்காது.

2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரை அடக்கமானோரின் பதிவுகளை இறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க விரும்பும் குடும்பத்தார், சான்றிதழின் நகலும் குடும்ப அட்டையும் கொண்டு வருதல் வேண்டும். பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் பாகப் பத்திரத்தின்போது பெருஞ்சிக்கல் ஆகும். இப்போதே திருத்திக்கொள்வது எளிது. பொதுக்குழு ஒப்புதல் தந்தால், இன்ஷா அல்லாஹ், வரும் ஜுமுஆவிலிருந்தே தொழுகைக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் இப்பணியைத் தொடங்கிவிடலாம்.